நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு விரிசல்

போன மாதம் எங்கள் பழைய சர்வீஸ் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இப்போது வரும் ஜெனரேட்டர்களில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். இன்ஜினுக்கு என்ன கோளாறு என்பதை அதுவே போனுக்கு அனுப்பிவிடுமாம். "என்ன ரிப்பேருன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் நாங்க வண்டியவே எடுக்கறமுங்க" என்றார் பானுமதி. அந்த ஆபீஸின் முதல் பெண் சர்வீஸ் இன்ஜினியர் அவர். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பெட்டி தப்பாச் சொல்லிப்போட்டா என்னங்க பண்றது? உங்க காலத்துல அப்பிடி ஏதாச்சும் ஆயிருக்குதுங்களா?"

"எங்க காலத்துல பெட்டி ஏதுங்க? நானே தப்பாச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

அதை எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் கற்ற கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிப்பு, பிறகு ஒரு லாரி பட்டறையில் ஆறு வருடம், அதற்குப் பிறகு திருப்பூரில் ஜெனரேட்டர் விற்கும் ஒரு டீலரிடம் சர்வீஸ் மெக்கானிக். அங்கேயே முடி நரைத்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் 'ஜெனரேட்டர்காரர்'.

இரண்டாயிரங்களின் பிற்பாதியில் திருப்பூரில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரன்ட் போவதும் வருவதுமாக இருந்தது. கரன்ட் போன அடுத்த நிமிடம் ஊர் முழுவதும் ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமும். ஏற்றுமதிச் சரக்குக்குக் கப்பல் தேதி காத்திருக்காது. நிட்டிங் மெஷின் நின்றால் துணியில் கோடு விழும். ஆக, ஜெனரேட்டர் நின்றுபோனால் கம்பெனியே நின்ற மாதிரி. காலையில் நான் வேலைக்குப் போகும்போதே மேஜைமேல் பத்துப் புகார்ச் சீட்டுகள் இருக்கும்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் வரதராஜன் சார் திருச்சிக்காரர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் ரூமுக்கு வந்தால் உடனே உள்ளே நுழைய மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். தரையில் எண்ணெய் எங்கே சிந்தியிருக்கிறது, ரேடியேட்டர் பக்கம் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இன்ஜினிடம் வருவார். வந்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைப்பார். யார் செய்த வேலையிலாவது அவருக்குச் சந்தேகம் வந்தால், "இன்னொரு தடவை பாத்துடுவோமா?" என்பார். அவ்வளவுதான் அவருடைய திட்டு. அதைக் கேட்டால் நாங்கள் மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவோம்.

ரிப்போர்ட் எழுத அவர் ஒரு முறை வைத்திருந்தார். தாளின் நடுவே பென்சிலால் மேலிருந்து கீழே ஒரு கோடு போட வேண்டும். இடப்பக்கம் கண்ணால் பார்த்தது. வலப்பக்கம் நாம் நினைப்பது. "ரெண்டையும் கலந்தா, படிக்கறவனுக்கு எது இன்ஜின், எது நீங்கன்னு தெரியாது" என்பார். புகார் குறைவாக இருந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் கோடு போட்டோம். மின்வெட்டு தொடங்கிய பிறகு கோடு போட நேரம் இருக்கவில்லை. அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஆறு சிலிண்டர் இன்ஜின். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடேறி நின்றுவிட்டது.

போய் ஆயில் குச்சியை உருவினேன். ஆயில் கறுப்பாக இல்லை, பால் விட்ட டீ மாதிரி இருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். சிலிண்டர்களைத் தாங்கும் இரும்பு வார்ப்பான இன்ஜின் பிளாக்கின் மேல்தளத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து மேலே வந்து பொடியை நனைக்கும். நாலாவது சிலிண்டருக்கும் ஐந்தாவது சிலிண்டருக்கும் நடுவே, ஹெட் போல்ட் இறங்கும் துளையிலிருந்து முடி போல ஒரு கோடு தெரிந்தது. பிளாக் வெடித்திருந்தது. இனி அது பழைய இரும்பு எடைக்குத்தான்.

ஜெனரேட்டர் ஆபரேட்டர் ஜெபமணி சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நாசரேத் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு திருப்பூருக்கு வந்தவர். மனைவிக்கு அதே கம்பெனியில் தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். தினமும் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல், எவ்வளவு தண்ணீர் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். புரட்டினேன். கடைசி மூன்று வாரமாக ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதாக தினமும் இருந்தது. முதலில் கால் லிட்டர், பிறகு அரை, பிறகு ஒன்று.

"தண்ணி குறையுதுன்னு தெரிஞ்சுமா ஓட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, மூணு தடவ சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன். வெளிய ஒரு சொட்டு ஒழுகல. தண்ணி எங்க போகுதுன்னே தெரியல. ஆனா தண்ணி இல்லாம நான் ஒரு நாளும் ஓட்டல."

முதலாளி பொன்னுசாமி ரூம் வாசலுக்கு வந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இரண்டு தையல் மெஷினோடு தொடங்கி வளர்ந்தவர். "ஏனுங்க, கம்பெனிக்காரனக் கேட்டா, தண்ணியில்லாம ஓட்டுனா மட்டும்தான் பிளாக் வெடிக்கும்ங்கறான். நீங்க என்னங்க சொல்றீங்க?"

இன்ஜின் தயாரிக்கும் கம்பெனியின் ஆள் எனக்கும் போன் செய்திருந்தார். அதையேதான் சொன்னார். என் அனுபவமும் அதையேதான் சொன்னது. லாரி பட்டறையில் நான் பார்த்த வெடித்த பிளாக்குகள் எல்லாம் தண்ணீரில்லாமல் ஓடியவை. அன்றைக்கு இன்னும் ஏழு இடம் போக வேண்டியிருந்தது. தாளை எடுத்து, கோடு போடாமல், ஒரே மூச்சில் எழுதினேன்: 'ஆபரேட்டரின் கவனக்குறைவால் தண்ணீர் இல்லாமல் ஓட்டப்பட்டு, அதிகச் சூட்டில் பிளாக்கில் விரிசல்.' கையெழுத்துப் போட்டேன். வரதராஜன் சாரும் போட்டார்.

வாரண்டி மறுக்கப்பட்டது. மறுநாளே ஜெபமணியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வெடித்த பிளாக்கை எங்கள் பட்டறையின் பின்பக்கம் கொண்டுவந்து போட்டோம்.

ஆறு வாரம் கழித்து மங்கலத்தில் ஒரு சைசிங் மில்லுக்குப் போனேன். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் இடம். அதே மாடல் இன்ஜின். அங்கே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் முதலாளியின் மச்சான். இன்ஜினைத் தன் சொந்த புல்லட் மாதிரி துடைத்து வைத்திருப்பவர். அவரும் சொன்னார்: "தண்ணி கொறஞ்சுட்டே இருக்குதுங்க. எங்க போவுதுன்னு தெரியலீங்க."

ஹெட்டைக் கழற்றி மண்ணெண்ணெய் தடவிப் பொடி தூவினேன். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே, அதே போல்ட் துளையிலிருந்து, அதே சாய்வில் ஒரு கோடு நனைந்து வந்தது.

அப்படியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ஊரில், இரண்டு கவனக்குறைவான ஆட்கள், ஒரே இடத்திலா பிளாக்கை வெடிக்கவைத்தார்கள்? அப்போதுதான் வேலம்பாளையத்தில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தண்ணீரில்லாமல் ஓடியிருந்தால் பிஸ்டன் உரசி, சிலிண்டரின் உள்ளுறையான லைனரில் கீறல் விழுந்திருக்கும். அங்கே லைனர் கண்ணாடி போல இருந்தது. ஹெட் வளைந்திருக்கும். அது வளையவில்லை. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் கருகியிருக்கும். அது முழுசாக இருந்தது. எல்லாவற்றையும் என் கையால்தான் எடுத்து ஓரமாக வைத்தேன். ஒன்றைக்கூட எழுதவில்லை.

நேராக ஆபீஸுக்கு வந்து வரதராஜன் சாரிடம் சொன்னேன். அவர் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணி இல்லாம ஓட்டுனான்னு எழுதியிருக்கீங்களே. இத நீங்க எங்க பாத்தீங்க?"

"பாக்கல சார். நெனச்சேன்."

"ம்." பேனாவை மூடினார். "கீழ என் கையெழுத்தும் இருக்கு. இன்னொரு தடவை பாத்துடுவோமா?"

அன்றைக்கு மற்ற புகார்களையெல்லாம் வேறு ஆட்களுக்கு மாற்றிவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் வந்தார். வேலம்பாளையம் பிளாக்கும் மங்கலம் பிளாக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. அதே இன்ஜின் கம்பெனியின் பழைய மாடல் பிளாக் ஒன்றும் எங்களிடம் கிடந்தது. பத்து வருடம் ஓடி, வேறு காரணத்துக்காக ஒதுக்கப்பட்டது. அதையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

சாக்பீஸ் பொடி போதாது என்று, விரிசல் பார்க்கும் சிவப்பு மருந்து டப்பாவை வாங்கிவரச் செய்தார். சுத்தம் செய்து, சிவப்பைத் தெளித்து, கால் மணி நேரம் காத்திருந்து, துடைத்து, அதன்மேல் வெள்ளையைத் தெளிக்க வேண்டும். வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. இரண்டு பிளாக்கிலும் ஒன்றுபோல். பழைய பிளாக்கில் ஒன்றும் இல்லை.

"மேலேர்ந்து பாத்தா இவ்வளவுதான் தெரியும். அறுத்துடுவோம்" என்றார்.

அறுக்க அரைநாள் ஆனது. போல்ட் துளையை ஒட்டி, உள்ளே தண்ணீர் ஓடும் அறை வரைக்கும் குறுக்கே அறுத்து ஒரு துண்டை எடுத்தோம். விரிசலின் வழியே அதைப் பிளந்தபோது இரண்டு நிறம் தெரிந்தது. மேல்தளத்தை ஒட்டிய பகுதி புதிதாக உடைந்த இரும்பின் சாம்பல் நிறம். உள்ளே, தண்ணீர் அறையின் மூலையை ஒட்டிய பகுதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. விரிசல் ஒரே நாளில் வந்ததல்ல. உள்ளே தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது. ஜெபமணியின் நோட்டில் கால் லிட்டர் அரையாகி ஒன்றானது அதன் கணக்குத்தான்.

அந்தத் துண்டைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். அங்கே ஒரு ஃபவுண்டரியில் ஆறுமுகம் என்று எனக்குத் தெரிந்தவர் இருந்தார். இரும்பு வார்ப்பதற்கான மர அச்சுகளைச் செய்பவர். துண்டைக் கையில் வாங்கியதும் விரிசலை அவர் பார்க்கவே இல்லை. கட்டை விரலை உள்மூலையில் வைத்துத் தடவினார்.

"இங்க பாருங்க. போல்ட்டுக்கு இத்தாச்சோடு பெருசாக் கட்டி இரும்பு. அத ஒட்டித் தண்ணி ஓடற சுவரு ரொம்ப மெல்லிசு. ரெண்டும் சேர்ற மூலை கத்தியாட்டம் நறுக்குன்னு இருக்குதுங்க. இப்பிடி வெச்சா எப்பிடிங்க?"

"வெச்சா என்னங்க ஆகும்?"

"காச்சி ஊத்துன இரும்பு ஆறும்போது மெல்லிசு முந்தி எறுகிப்போயிரும். கட்டியா இருக்கறது மெதுவா ஆறும். ஆறும்போது அது இதப் புடிச்சு இழுக்குமுங்க. இழுத்த இழுப்பு உள்ளயே நின்னுபோகும். மூலைய உருட்டி விட்டிருந்தா இழுப்பு பரவிப் போகும். இங்க ஒரே எடத்துல நிக்குது. அப்பறம் நீங்க சூடு பண்ணி, ஆற வெச்சு, சூடு பண்ணி, ஆற வெச்சு..." கையை விரித்தார். "வார்ப்புக்காரன் மேலயும் தப்பில்லீங்க. படம் போட்டவங்க தப்பு. எடையக் கொறைக்கச் சுவர மெல்லிசாக்கிப்போட்டு, போல்ட்டுப் பக்கத்த அப்பிடியே உட்டுட்டாங்க."

திரும்பி வந்து பழைய மாடல் பிளாக்கின் உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். அந்த மூலை கிண்ணத்தின் அடி மாதிரி வளைந்து வழுவழுப்பாக இருந்தது.

வரதராஜன் சார் இன்ஜின் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்கு ஒரு இன்ஜினியர் நேரில் வந்தார். கெட்டிக்காரர், மரியாதையான மனிதர்தான். ஆனால் முடிவை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். உங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, ஹெட் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருப்பீர்கள், ஆபரேட்டர் சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருப்பார் என்று அடுக்கினார்.

வரதராஜன் சார் ஒன்றையும் மறுக்கவில்லை. "இருக்கலாம். இன்னொரு தடவை பாத்துடுவோமா?" என்றார். துண்டை அவர் கையில் கொடுத்தார். பழைய பிளாக்கின் மூலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கடைசியாக ஜெபமணியின் நோட்டை எடுத்து வைத்தார். அதைப் பொன்னுசாமியிடம் நான்தான் போய் வாங்கி வந்திருந்தேன்.

இன்ஜினியர் நோட்டைப் புரட்டினார். புரட்டுவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "பச்சைத் தண்ணீர்னு சொன்னேன்" என்றார். "இவர் ஒவ்வொரு தடவையும் இன்ஜின் ஆறின பிறகு ஊத்தினேன்னு நேரம் போட்டு எழுதியிருக்காரே. யார் இவர்?"

"அவர் இப்ப அங்க வேலையில இல்லீங்க" என்றேன்.

இரண்டு மாதத்தில் கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. தவறு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. 'மேம்படுத்தப்பட்ட வார்ப்பு' என்று இருந்தது. வேலம்பாளையத்துக்கும் மங்கலத்துக்கும் புது பிளாக் அனுப்பினார்கள். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக விரலை உள்ளே விட்டேன். மூலை வளைந்திருந்தது. சிரித்துவிட்டேன்.

ஆனால் இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. பனியன் கம்பெனி சூப்பர்வைசரிடம் விசாரித்ததில், ஜெபமணி திருமுருகன்பூண்டியில் இருப்பதாகத் தெரிந்தது. சாமி சிலை செதுக்கும் பட்டறை ஒன்றில் காற்றழுத்த மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் போனபோது தலைமுடி, புருவம் எல்லாம் கல்தூசியில் வெள்ளையாக இருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"ஜெபமணி, உங்க மேல தப்பில்லைங்க. பிளாக்கோட வார்ப்புலயே கோளாறு. நான் எழுதுனதுதான் தப்பு."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி அதே கம்பெனியில இன்னும் செக்கிங்ல இருக்கா அண்ணாச்சி. இஞ்சின வெடிக்க வச்சவன் பொண்டாட்டின்னு அவ காதுபடவே பேசுதாங்க. நீங்க இங்க வந்து என்ட்ட சொல்லி என்ன பிரயோசனம்? என்னைய எழுதுன மாதிரி இதயும் எழுதிக் குடுங்க."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். நடுவே பென்சில் கோடு போட்டேன். இடப்பக்கம் கீறல் இல்லாத லைனர், வளையாத ஹெட், இரண்டு நிற உடைவு, நோட்டில் இருந்த தேதிகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். வலப்பக்கம் ஒரே வரி: 'ஆபரேட்டர் ஜெபமணி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். என் முந்தைய ரிப்போர்ட் தவறு.' வரதராஜன் சார் படித்தார். 'என்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரையும் குத்தினார்.

அதை எடுத்துக்கொண்டு பொன்னுசாமியிடம் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஊட்டுல ஒருத்தன் இப்பிடி நோட்டு எழுதி வெச்சிருந்தா நம்பியிருப்பனுங்க. வேலைக்காரன்னு நம்பாமப் போயிட்டனுங்க" என்றார். பிறகு செக்கிங் ஹாலுக்கு நடந்து போய், பக்கத்துத் தையல் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, அந்தக் காகிதத்தை சூப்பர்வைசரை விட்டே சத்தமாகப் படிக்கவைத்தார். ஜெபமணியின் மனைவி பிரித்த பனியனைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். படித்து முடித்ததும் பனியனை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

அன்றைக்கு மத்தியானமே முதலாளி தன் காரில் திருமுருகன்பூண்டிக்குப் போனார். ஜெபமணி உடனே ஒத்துக்கொள்ளவில்லையாம். சிலைப் பட்டறைக்காரருக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தார்.

அவர் திரும்பி வந்த பிறகு முதல் சர்வீஸுக்குப் போனேன். ஜெனரேட்டர் ரூம் கழுவிவிட்டது போல இருந்தது. ஆயில் ஃபில்டருக்கு நேர் மேலே, சுவரில், என் இரண்டாவது ரிப்போர்ட் லேமினேட் போட்டு நாலு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டரைக் கழற்றக் குனிந்தால் தலை அதில் இடிக்கும் உயரம்.

"ஏனுங்க, இத வேற எங்கயாச்சும் மாட்டக் கூடாதுங்களா? ஃபில்டர் கழட்ட இடைஞ்சலா இருக்குது" என்றேன்.

"அண்ணாச்சி, ஃபில்டர் மாத்துறவங்க படிக்கணும்லா?" என்று சொல்லிவிட்டு, ஜெபமணி டீ வாங்கிவரப் போனார்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த இன்ஜினுக்கு நான்தான் ஆயில் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் என் கையெழுத்துக்குக் கீழே குனிந்துதான் மாற்றினேன்.